குறைமாசப் பிள்ளைக்கு ஏன் இவ்வளவு குளிர்கிறது?

நுவரெலியாப் பக்கம் ஜனவரி மாதத்து விடியற்காலை எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பெரியவர்களுக்கே பல் கிட்டும் அந்தக் குளிரில், ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு கிலோகூட இல்லாமல் வீட்டுக்கு வந்த பிள்ளையை நாலு கம்பளியில் சுற்றி, கட்டிலில் சுவரோரமாகப் படுக்கவைத்துவிட்டு, நன்றாகப் பொத்தியாச்சு என்று நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் கம்பளி சூட்டை உண்டாக்காது, உள்ளே இருக்கிற சூட்டைப் பிடித்துத்தான் வைக்கும். உள்ளேயே சூடு குறைவு என்றால்?

நமக்குக் குளிர்ந்தால் உடம்பு நடுங்கும், அந்த நடுக்கமே சூடு. பச்சைப் பிள்ளையின் உடம்பு அப்படி நடுங்கிச் சூடாகாது. அது கழுத்திலும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் இருக்கிற பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடாகும். அந்தக் கொழுப்பு பெரும்பாலும் பிள்ளை தாயின் வயிற்றில் இருக்கும் கடைசி மூன்று மாதத்தில் சேர்வது. 37 வாரம் முடியாமல் பிறந்த பிள்ளையிடம் அது போதுமான அளவு இருக்காது. தோலும் மெல்லியது. எடையோடு பார்த்தால் உடம்பின் மேற்பரப்பும் அதிகம், கேத்தலில் இருக்கும் தேத்தண்ணியைவிடக் கோப்பையில் ஊற்றியது சீக்கிரம் ஆறிவிடுகிறதே, அதே கதைதான்.

அப்புறம் அந்தச் சுவர். காற்றே அடிக்காவிட்டாலும், லயத்துக் காம்பராவின் (தோட்டத்து வரிசை வீட்டு அறையின்) குளிர்ந்த வெளிச்சுவர் பக்கத்தில் இருக்கும் உடம்பின் சூட்டைக் கதிர்வீச்சாக இழுத்துக்கொள்ளும். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள்.

குளிரும் பிள்ளை சூட்டுக்காகச் சர்க்கரையையும் ஒட்சிசனையும் எரிக்கிறது. குடித்த பால் வளர்ச்சிக்குப் போகாமல் சூட்டுக்கே செலவாகிவிடும். எடை ஏறாது. வீட்டில் ஆளாளுக்கு "பால் பத்தலை" என்பார்கள், பெற்றவள் தன்னையே நொந்து அழுவாள். பால் இருந்தும் குளிரால் எடை நிற்கலாம் என்பதை அவளிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.

1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்கியுபேட்டர் பற்றாமல் போனபோது, எட்கர் ரே என்ற டொக்டர் குறைமாசப் பிள்ளைகளைத் தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டச் சொன்னார். அதுதான் இன்றைய கங்காரு பராமரிப்பு. பொகோட்டா நுவரெலியாவைவிட உயரமான மலை நகரம், சுமார் 2,600 மீற்றர், அங்கும் குளிர்தான்! இப்போது உலக சுகாதார நிறுவனமே நாளொன்றுக்கு 8 முதல் 24 மணித்தியாலம் வரை இப்படி வைக்கச் சொல்கிறது.

பிள்ளைக்கு நப்கினும் தொப்பியும் காலுறையும் போதும். மார்புகளுக்கு நடுவே, தோலோடு தோல் படும்படி நிமிர்த்தி வைத்து, துணியால் கட்டி, அதற்கு மேலே கம்பளியைப் போர்த்துங்கள். முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்கட்டும், நாடி (மோவாய்) நெஞ்சில் அமுங்கினால் மூச்சுக் குழாய் மடங்கிவிடும். அம்மா குளிக்கவோ சாப்பிடவோ போகும்போது அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொள்ளலாம், ஆணின் நெஞ்சிலும் அதே சூடுதான்.

கரி நெருப்புச் சட்டியை மட்டும் காம்பராவுக்குள் வைக்காதீர்கள். மூடிய அறையில் காபன் மொனொக்சைட் சேரும், அதற்கு மணமே கிடையாது.

அடிக்கடி பாதத்தையும் வயிற்றையும் தொட்டுப் பாருங்கள். பாதம் மட்டும் குளிர்ந்தால் உடனே நெஞ்சோடு சேருங்கள். வயிறும் குளிர்ந்தாலோ, பாலுக்கு எழுப்பியும் எழும்பாவிட்டாலோ, மூச்சு நின்று நின்று வந்தாலோ, உதடு நீலமானாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் வந்து சேரும்வரை பிள்ளை உங்கள் நெஞ்சிலேயே இருக்கட்டும்.