ரேக் மாற்றிய பிறகு ஸ்டியரிங் ஏன் கோணலாக நிற்கிறது?

"ரேக் மாத்தினதுல இருந்து வண்டி சரியில்லண்ணே." மதுரையில் வீல் அலைன்மென்ட் பார்க்கும் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் புகார் இது. ரேக் என்றால் ஸ்டியரிங்கின் திருப்பலைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம். சரியில்லை என்ற ஒரு சொல்லுக்குள் நாலைந்து தனித்தனிக் கோளாறுகள் அடங்கும். வண்டி நேராகப் போகிறது, ஸ்டியரிங் மட்டும் கோணலாக நிற்கிறது என்பது ஒன்று. ஸ்டியரிங் நேராக இருக்கிறது, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்பது வேறு. திருப்பினால் தானாகத் திரும்பி வராமல் அப்படியே நிற்பது இன்னொன்று. இதில் எது என்று தெரியாமல் புது ரேக்கைக் குறை சொல்வதும், அதைக் கழற்றித் திருப்பிக் கொடுப்பதும் வீண் செலவு. பெரும்பாலும் ரேக் நன்றாகத்தான் இருக்கும். அதைப் பொருத்துவதற்காகக் கழற்றிய மற்ற பாகங்களில்தான் கோளாறு இருக்கும்.

முதலில் அமைப்பைப் பார்த்துவிடுவோம். ஸ்டியரிங்கிலிருந்து இறங்கும் ஷாஃப்டின் கீழ்முனையில் பினியன் என்ற சிறு பற்சக்கரம் இருக்கிறது. அது ரேக் என்ற பல் வெட்டிய நீளக் கம்பியோடு பின்னி நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் கம்பி இடமோ வலமோ நகரும். கம்பியின் இரு முனைகளிலும் இருக்கும் டை ராடுகள், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளின் கையைத் தள்ளும் அல்லது இழுக்கும், சக்கரம் திரும்பும். பவர் ஸ்டியரிங் உள்ள காரில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, அதாவது லாக் டு லாக், சுமார் 3 சுற்று வரும். ஸ்டியரிங்கை ஏறக்குறைய 16 டிகிரி திருப்பினால் சக்கரம் 1 டிகிரி திரும்பும்.

இந்த அமைப்பில் மூன்று நடுப்புள்ளிகள் இருக்கின்றன. ஸ்டியரிங்கின் நடு, ரேக்கின் நடு, சக்கரங்கள் நேராக நிற்கும் நிலை. மூன்றும் ஒரே நேரத்தில் ஒன்றுசேர வேண்டும். பழைய ரேக்கைக் கழற்றும்போது ஷாஃப்டைப் பிரிக்கிறோம், டை ராடுகளையும் பிரிக்கிறோம். அதாவது மூன்றுக்கும் இடையில் இருந்த இரண்டு இணைப்புகளையும் அறுத்துவிடுகிறோம். திரும்பப் பூட்டும்போது அவற்றில் ஒன்று விலகினாலும் ஸ்டியரிங் கோணல்தான்.

எவ்வளவு விலகினால் எவ்வளவு கோணல் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பல கார்களில் டை ராடின் மரை இடைவெளி 1.5 மி.மீ. டை ராடை ஒரு சுற்று சுற்றினால் அதன் நீளம் 1.5 மி.மீ. மாறும். நக்கிளின் கை 130 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டால், அந்தச் சக்கரம் 0.66 டிகிரி திரும்பிவிடும். 14 அங்குல ரிம்மின் விளிம்பில் அளந்தால் இது 4 மி.மீ. பல சின்னக் கார்களில் டோவுக்கு, அதாவது சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே பார்த்திருக்கும் அளவுக்கு, அனுமதிக்கப்படும் விலகலே ஒன்றிரண்டு மி.மீ.தான். ஒரே ஒரு சுற்று அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது.

பழைய டை ராடில் எத்தனை மரை உள்ளே போயிருந்தது என்று எண்ணி, புதியதிலும் அதே அளவு முடுக்குவது பட்டறை வழக்கம். நல்ல வழக்கம்தான், ஆனால் அலைன்மென்ட் கடைவரை வண்டியை ஓட்டிப் போவதற்கு மட்டும் அது போதும். ரேக்கோடு சேரும் டை ராடின் உட்பகுதியான ரேக் எண்ட் புதியதாக இருந்தால், அதன் நீளம் பழையதிலிருந்து ஓரிரு மி.மீ. மாறியிருக்கலாம். பழைய அளவும், தேய்ந்துபோன பழைய மூட்டுகளுக்கு ஏற்ப வைத்த அளவாக இருந்திருக்கலாம்.

சரி, ஒரு பக்க டை ராட் மட்டும் ஒரு சுற்று விலகியிருக்கிறது. அந்தச் சக்கரம் 0.66 டிகிரி திரும்பியிருக்கும்போது வண்டி அந்தப் பக்கம் இழுக்க வேண்டாமா? இழுக்காது. ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகள் ஆளுக்கொரு பக்கம் திமிறினால் வண்டி நடுவழியில்தான் போகும். அதே போல ஓடும் காரில் இரண்டு முன்சக்கரங்களும் பிழையைச் சமமாகப் பங்குபோட்டுக்கொள்ளும், பக்கத்துக்கு 0.33 டிகிரி. வண்டி நேராகப் போகும். அந்தப் பங்குக்காக ஸ்டியரிங் மட்டும் 5 டிகிரி சாய்ந்துகொள்ளும். ஓட்டுகிறவருக்கு அது சின்ன அழகுக் குறையாகத்தான் தெரியும். டயருக்கு அப்படியில்லை. 0.33 டிகிரி திரும்பியபடி உருளும் டயர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 6 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. மதுரையிலிருந்து தேனி சுமார் 75 கி.மீ. போய்ச் சேர்வதற்குள் அது 400 மீட்டருக்கு மேல். புது டயரின் ஓரம் சில மாதங்களில் வழுக்கையாவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

டோ பிழையால் ஸ்டியரிங் கோணலாகும், வண்டி இழுக்காது என்ற இந்த ஒன்று புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்தது ஷாஃப்ட். அதன் முனையில் நுண்ணிய பற்கள் இருக்கும். 36 பல் உள்ள ஷாஃப்டை ஒரு பல் தள்ளி மாட்டினால் ஸ்டியரிங் 10 டிகிரி கோணலாகும். இரண்டு டை ராடுகளையும் எதிரெதிராக ஒவ்வொரு சுற்று விலக்கி வைத்தாலும் ஏறக்குறைய அதே 10 டிகிரிதான் வரும். வெளியில் தெரியும் அடையாளம் ஒன்று, காரணம் இரண்டு. எதுவென்று கண்டுபிடிக்க ரேக்கின் நடுவைப் பிடிக்க வேண்டும். டை ராட் எண்டுகளை, அதாவது நக்கிளோடு சேரும் வெளிமுனை மூட்டுகளை, பிரித்துவிட்டு, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சுற்றை எண்ணிச் சரிபாதியில் நிறுத்த வேண்டும். அந்த நிலையில் ஸ்டியரிங் கோணலாக இருந்தால் தவறு ஷாஃப்ட் இணைப்பில். ஸ்டியரிங் நேராக இருந்தால் தவறு டை ராடில்.

இந்தச் சோதனையைச் செய்யாமல், ஸ்டியரிங் வீலையே கழற்றி நேராகத் திருப்பி மாட்டிவிடும் குறுக்குவழி ஒன்று உண்டு. நான் இதை முழு மனதோடு எதிர்க்கிறேன். கோளாறு டை ராடில் இருந்தால் அது அப்படியே இருக்கும், கண்ணுக்குத் தெரிந்த ஒரே அடையாளம் மட்டும் போய்விடும். ஸ்டியரிங்குக்குள் ஏர்பேகுக்கும் ஹாரனுக்கும் மின்சாரம் கொண்டுபோகும் கிளாக் ஸ்பிரிங் என்ற சுருள் நாடாவும் இருக்கிறது. அது நடுவிலிருந்து இரு பக்கமும் குறிப்பிட்ட சுற்றுகள்தான் தாங்கும். ரேக் கழன்று கிடக்கும்போது யாராவது ஸ்டியரிங்கைச் சும்மா சுற்றிவிட்டால், பிறகு ஒருநாள் முழுதாகத் திருப்பும்போது நாடா அறுந்துவிடும், ஏர்பேக் செயலிழக்கும். ரேக்கைக் கழற்றும் முன் ஸ்டியரிங்கை சீட் பெல்ட்டால் கட்டி வைப்பதன் காரணம் இதுதான்.

ரேக்கின் நடுவைப் பிடிக்காமல் பூட்டினால் இன்னொரு வினையும் வரும். ஒரு பக்கம் அதிகமாகவும் மறு பக்கம் குறைவாகவும் திரும்பும். நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுவதால் யூ டர்ன் எப்போதும் வலப்பக்கம்தான். இடப்பக்கம் குறைவாகத் திரும்பும் வண்டி மதுரைக்குள் மாதக்கணக்கில் காட்டிக்கொடுக்காமல் ஓடும். வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலைப்பாதையில் இடப்பக்கக் கொண்டை ஊசி வளைவு வரும்போதுதான், ஒரே வீச்சில் திரும்ப முடியாமல் எதிர்த் தடத்தில் போய் நிற்கும். மலையேறும் முன் ஒரு காலி மைதானத்தில் இரு பக்கமும் முழு வட்டம் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

இனி இழுப்பு. இதற்கு டோ காரணமில்லை என்று பார்த்தோம். சாலையே காரணமாக இருக்கலாம். மழைநீர் வடிவதற்காக நம் தார்ச்சாலைகளை மீட்டருக்கு 2 முதல் 2.5 செ.மீ. ஓரமாகச் சரித்துப் போடுகிறார்கள். இடப்பக்கம் போகும் நல்ல வண்டியும் லேசாக இடப்பக்கம் நழுவும். திருமங்கலம் சாலையில் அப்படி நழுவினால் பயப்பட ஒன்றுமில்லை. சமதளத்தில் போவதும் வருவதுமாக ஓட்டி, இரண்டு திசையிலும் ஒரே பக்கம் இழுத்தால்தான் கோளாறு. முதலில் காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, முன்டயர்கள் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயருடையது.

அதுவும் இல்லையென்றால் சப்ஃப்ரேமைப் பார்க்க வேண்டும். பல கார்களில் அந்தக் கனமான இரும்புச் சட்டத்தை இறக்காமல் ரேக் வெளியே வராது. அதன் போல்ட் துளைகள் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும், ஏற்றும்போது சில மி.மீ. நகர்ந்து உட்காரலாம். நகர்ந்தால் ஒரு பக்கத்தின் கேம்பரும் காஸ்டரும் மறு பக்கத்தோடு ஒத்துப்போகாது. கேம்பர் சக்கரத்தின் பக்கச் சாய்வு, காஸ்டர் அது திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. காஸ்டர் குறைந்த பக்கம் வண்டி இழுக்கும். இறக்கும் முன் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு வைத்தாலே இதைத் தவிர்க்கலாம்.

திருப்பிய ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வருவதும் பெரும்பாலும் காஸ்டரின் வேலை. ரேக் மாற்றிய பிறகு அது வராவிட்டால் எங்கோ இறுக்கம் இருக்கிறது. ஷாஃப்டின் யுனிவர்சல் ஜாயின்ட் என்ற மூட்டு துருப்பிடித்திருக்கலாம். அல்லது ரேக்கைப் பினியனோடு அழுத்திப் பிடிக்கும் அட்ஜஸ்ட்மென்ட் நட்டை யாரோ முடுக்கியிருக்கலாம். புது ரேக்கில் அது தொழிற்சாலையிலேயே அளந்து வைக்கப்பட்டது, கை வைக்கக் கூடாது.

ஆயில் பவர் ஸ்டியரிங்கில் முனகல் சத்தமும் நுரையும் வந்தால் உள்ளே காற்று இருக்கிறது. முன்சக்கரங்களைத் தூக்கி, எஞ்சினை அணைத்த நிலையில், இரு கோடிக்கும் மெதுவாகப் பலமுறை திருப்பினால் காற்று டாங்கி வழியாக வெளியேறும். எஞ்சின் ஓடும்போது கோடியில் சில வினாடிகளுக்கு மேல் பிடித்து வைத்தால் பம்ப் சூடேறும். பிறகு, சக்கரங்கள் தூக்கிய நிலையிலேயே, ஸ்டியரிங்கைத் தொடாமல் எஞ்சினை ஓடவிட வேண்டும். அது தானாக ஒரு பக்கம் சுழன்றால் ரேக்குக்குள் இருக்கும் வால்வு நடுவில் இல்லை. ரேக்கைத் திருப்பிக் கொடுக்க இது நியாயமான காரணம்.

வழுக்கலைத் தடுக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் உள்ள கார்களில் நான்காவதாக ஒரு நடுப்புள்ளியும் உண்டு. ஸ்டியரிங் கோண சென்சாரின் பூஜ்யம் அது. ஓட்டுகிறவர் எந்தப் பக்கம் திருப்புகிறார், வண்டி உண்மையில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்ற இரண்டையும் கணினி ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். பூஜ்யம் விலகினால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். அலைன்மென்ட் முடிந்த பிறகே ஸ்கேனர் வைத்து பூஜ்யத்தைப் பதிய வேண்டும், முன்னால் பதிந்தால் கோணலான நிலையே நேர் என்று பதிவாகிவிடும்.

அலைன்மென்ட் நடக்கும்போது வண்டிக்காரர் பக்கத்தில் நின்று ஒன்றைக் கவனிக்கலாம். டை ராடைச் சுற்றும் முன் ரேக்கின் முனையை மூடியிருக்கும் ரப்பர் உறையில் இருக்கும் வெளிப்பக்கக் கிளிப்பைத் தளர்த்த வேண்டும். தளர்த்தாவிட்டால் உறையும் சேர்ந்து முறுக்கிக்கொண்டு, கொஞ்ச நாளில் கிழியும். வெயில் காலப் புழுதியும் ஐப்பசி மழைத் தண்ணீரும் உள்ளே போனால் புது ரேக்கும் துருப்பிடிக்கும். 1,000 கி.மீ. ஓடிய பிறகு டை ராடுகளைச் சுற்றாமல் பிடிக்கும் லாக் நட்டுகளையும் ரப்பர் உறைகளையும் பார்த்துவிட்டு, முன்டயர்களின் மேல் உள்ளங்கையை வைத்து உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் சொரசொரப்பாகவும் இருந்தால் டோ இன்னும் சரியாகவில்லை, திரும்ப அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.