போர்ல செத்தவங்களை எப்படி எண்ணுறாங்க?

போர்ல இத்தனை ஆயிரம் பேர் செத்தாங்கன்னு நியூஸ்ல ஒரு நம்பர் வருதுல்ல, அது எங்கிருந்து வருதுன்னு சிரியாவை வச்சு பார்க்கலாம். 2011 மார்ச்ல இருந்து 2021 மார்ச் வரைக்கும் அங்க கொல்லப்பட்ட பொதுமக்கள் 3,06,887 பேர்னு ஐநா மனித உரிமை அலுவலகம் 2022ல சொல்லுச்சு. அதுல முழு விவரத்தோட தனித்தனியா பதிவானவங்க 1,43,350 பேர், மீதி 1,63,537 புள்ளியியல் கணக்கு. பாதிக்கு மேல கணக்கான்னா அப்போ குத்துமதிப்பா அடிச்சு விடுறாங்கன்னு தோணும், ஆனா அப்படி இல்லைங்க.

சிரியாவோட மனித உரிமை அமைப்புகள், அரசாங்கப் பதிவு, ஐநாவோட சொந்தப் பதிவுன்னு எட்டு இடத்து லிஸ்ட்டை எடுத்தாங்க. முழுப்பேர், செத்த தேதி, இடம் மூணும் இருந்தாத்தான் அது ஒரு பதிவு. இதுல பெரிய தலைவலி என்னன்னா ஒரே ஆள் நாலு லிஸ்ட்ல இருப்பாரு, ஒண்ணுல தாத்தா பேரும் சேர்ந்திருக்கும், ஒண்ணுல தேதி ஒரு நாள் தள்ளியிருக்கும், அதனால அரபி தெரிஞ்சவங்க உக்காந்து ரெண்டு ரெண்டு பதிவா படிச்சு ஒரே ஆளா வேற ஆளான்னு குறிப்பாங்க, அதை வச்சு கம்ப்யூட்டரைப் பழக்கி மிச்ச லட்சக்கணக்கான பதிவையும் ஒப்பிடுவாங்க. இந்த வேலைய செஞ்சவங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை, ஒவ்வொரு வரியும் ஒரு மனுஷன்.

சரி, எந்த லிஸ்ட்லயும் வராதவங்க? குளத்துல நூறு மீன் பிடிச்சு அடையாளம் போட்டு விட்டுட்டு, அப்புறம் எண்பது பிடிச்சா அதுல நாப்பதுல அடையாளம் இருக்குன்னு வைங்க, எண்பதுல பாதி ஏற்கனவே பிடிச்சதுன்னா குளத்துல சுமார் இருநூறு மீன் இருக்கணும். ரெண்டு தடவையும் சேர்த்து நம்ம பார்த்தது 140தான், மீதி 60 கண்ணுலயே படல. லிஸ்ட்டும் அப்படித்தான், ஒரே பேருங்க திரும்பத் திரும்ப வந்தா கிட்டத்தட்ட எல்லாரும் பதிவாயிட்டாங்க, ஒண்ணுக்கொண்ணு ஒட்டவே இல்லைன்னா விடுபட்டவங்க நிறைய. ஆனா ஊரறிஞ்ச ஆள் எல்லா லிஸ்ட்லயும் வந்துடுவாரு, குடும்பத்தோட மொத்தமா அழிஞ்சவங்களைச் சொல்ல ஆளே இருக்காது, அதனால ரெண்டு லிஸ்ட் பத்தாது, மூணு நாலு வேணும்.

இன்னொண்ணு, பதிவு பண்றவரே ஊரை விட்டு ஓடிட்டாலோ செத்துட்டாலோ அந்த மாசம் நம்பர் குறையும், அதைப் பார்த்து சண்டை குறைஞ்சிடுச்சுன்னு சொன்னா அது பெரிய தப்பு.

இந்த மூணு லட்சமும் நேரடியா தாக்குதல்ல செத்தவங்க மட்டும்தான். மருந்து, சாப்பாடு, நல்ல தண்ணி கிடைக்காம செத்தவங்க இதுல இல்ல, அதுக்கு வீடு வீடா போய் சர்வே எடுத்து போருக்கு முன்னாடி இருந்த இறப்பு விகிதத்தோட ஒப்பிட்டுப் பார்க்கணும்.