ஸ்டெபிலைசர் போய்விட்டதா? முதலில் மேசைமேல் வைத்துப் பாருங்கள்

"சார், ஸ்டெபிலைசர் போயிடுச்சு. எடுத்ததெல்லாம் ஆடுது." கேம்கார்டரைச் சர்வீசுக்குக் கொண்டுவருபவர்களில் பலர் கோளாறின் பெயரையும் தாங்களே முடிவு செய்துகொண்டுதான் வருகிறார்கள். சோதித்துப் பார்த்தால், கை நடுக்கத்தால் படம் ஆடாமல் பார்த்துக்கொள்ளும் அந்த ஸ்டெபிலைசர் நன்றாகவே வேலை செய்யும். பழுது வேறு எங்கோ இருக்கும், சில சமயம் பழுதே இருக்காது. லென்ஸைத் தொடும் வேலை கேம்கார்டரில் செலவு பிடிக்கும் வேலை. அதற்குப் பணம் கட்டும் முன் வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம்.

அதற்கு முன், உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். ஆப்டிகல் வகை ஸ்டெபிலைசரில், லென்ஸுக்குள் இருக்கும் ஒரு கண்ணாடித் தொகுதி மட்டும் இறுக்கிப் பூட்டப்படாமல், மேலும் கீழும் பக்கவாட்டிலும் சிறிது நகரும்படி இருக்கும். கை நடுங்குவதைக் கைரோ சென்சார் உணரும். உடனே காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்து அந்தக் கண்ணாடியை நகர்த்தி நடுக்கத்தை ஈடுகட்டும். கண்ணாடி இப்போது எங்கே நிற்கிறது என்பதை ஹால் சென்சார் ஓயாமல் தெரிவித்துக்கொண்டே இருக்கும். இந்தச் சென்சார்களில் ஒன்று தவறான தகவல் கொடுத்தால் போதும், நடுக்கத்தை அடக்க வேண்டிய பாகமே நடுக்கத்தை உண்டாக்கும். எலெக்ட்ரானிக் வகையில் நகரும் பாகம் கிடையாது. படத்தின் ஓரங்களை வெட்டி, மிச்சத்தை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் நகர்த்திச் சரிசெய்யும். பல மாடல்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

சரி, சோதனைக்கு வருவோம். ஆடாத கனமான மேசைமேல் கேமராவை வையுங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள். எதிர்ச் சுவரில் எழுத்துகள் உள்ள ஒரு தாளை ஒட்டுங்கள். டிஜிட்டல் ஜூமை ஆஃப் செய்துவிட்டு, ஆப்டிகல் ஜூமை முழுவதும் இழுங்கள். ரெக்கார்ட் பட்டனை அழுத்தியதும் கையை எடுத்துவிடுங்கள். ஸ்டெபிலைசர் ஆனில் ஒரு நிமிடம், ஆஃபில் ஒரு நிமிடம். ஓடிக்கொண்டிருக்கும்போது லென்ஸ் பக்கம் காதை வைத்துக் கேளுங்கள். மெல்லிய இரைச்சல் இருந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. கரகரப்போ, விட்டுவிட்டு 'டிக் டிக்' என்றோ, கைவிரலுக்கே தெரிகிற அதிர்வோ இருந்தால் அது இயல்பல்ல.

கேமரா அசையாமல் இருக்கும்போதே ஆன் நிலையில் எழுத்துகள் துடிக்கின்றன, ஆஃப் செய்ததும் அடங்கிவிடுகின்றன என்றால் சந்தேகமே வேண்டாம், ஸ்டெபிலைசர்தான். துடிப்பு ஒரே திசையில், மேல்கீழாக மட்டுமோ பக்கவாட்டில் மட்டுமோ இருந்தால், அந்த ஒரு அச்சுக்கான சென்சாரோ, சுருளோ, அதற்குப் போகும் ஃப்ளெக்ஸ் கேபிளோ (வளையக்கூடிய மெல்லிய பட்டைக் கம்பி) பழுது. இதைக் குறித்து வைத்துச் சொன்னால் மெக்கானிக்குப் பாதி வேலை மிச்சம். படம் துடிக்காமல் ஒரு மூலையை நோக்கி மெதுவாக வழுக்கிக்கொண்டே போனால், கைரோவின் நிலைப்புள்ளி, அதாவது 'அசைவே இல்லை' என்று அது எடுத்துக்கொள்ளும் அளவு, பிசகியிருக்க வாய்ப்பு அதிகம்.

ஆஃப் செய்தும் ஆடினால்? இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். பல மாடல்களில் மெனுவில் ஆஃப் என்று போட்டால் மின்சாரம் நின்றுவிடுவதில்லை. கண்ணாடியை நடுவில் பிடித்து வைக்கும் வேலையையும் அதே சுருளும் ஹால் சென்சாரும்தான் செய்கின்றன. அவை கெட்டிருந்தால் ஆஃப் நிலையிலும் ஆடும். கேமராவைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து மறுபடி எடுத்துப் பாருங்கள். சாய்க்கச் சாய்க்கப் படம் ஒரு பக்கமாகத் தொங்கினால், கண்ணாடித் தொகுதி பிடிப்பில்லாமல் கிடக்கிறது என்று அர்த்தம்.

மேசைமேல் இரண்டு நிலையிலும் படம் சிலைபோல நின்றால், கேமராவைக் குறை சொல்லும் முன் எடுக்கும் விதத்தைப் பாருங்கள். ட்ரைபாடில் பூட்டியபிறகும் ஸ்டெபிலைசரை ஆனிலேயே விடுவது நான் அடிக்கடி பார்க்கிற பழக்கம். பான் செய்து, அதாவது கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி, நிறுத்தும்போது படம் தானாகக் கொஞ்சம் நகர்ந்து நிற்கும். நீங்கள் வேண்டுமென்றே திருப்பியதைக்கூட நடுக்கம் என்று நினைத்து அது எதிர்க்கப் பார்த்ததன் விளைவு அது. காட்சியை நெருக்கியோ அகலப்படுத்தியோ காட்ட, முன்னால் டெலி அல்லது வைட் கன்வர்ஷன் லென்ஸ் மாட்டினாலும் இப்படித்தான், திருத்தம் கூடவோ குறையவோ செய்யும். அதற்கென்று மெனுவில் செட்டிங் இருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். அப்புறம், கேமரா எல்சிடியில் ஒழுங்காக ஓடுவது கம்ப்யூட்டரில் மட்டும் துள்ளினால், அது ஷேக்கே இல்லை. நொடிக்கு 25 ஃப்ரேமில் எடுத்ததை எடிட்டிங்கில் 30 ஃப்ரேம் டைம்லைனில் போட்டிருப்பீர்கள், இல்லையென்றால் கம்ப்யூட்டர் திணறுகிறது.

பவரை அணைத்தபின் குலுக்கினால் உள்ளே கடகடவென்று சத்தம் வருகிறது என்றும் வருவார்கள். பூட்டு இல்லாத கண்ணாடித் தொகுதி மின்சாரம் இல்லாதபோது தளர்ந்து ஆடும் சத்தம்தான் அது. ஆன் செய்ததும் நின்றுவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம்.

உண்மையாகவே கெட்டுப்போனவற்றில் கீழே விழுந்த கேமராக்கள்தான் அதிகம். அடுத்தது நீண்டநாள் அதிர்வு. பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. மோட்டார் சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டினால் எஞ்சின் அதிர்வு ஐபோன் கேமராவின் ஆப்டிகல் ஸ்டெபிலைசரைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021ல் எச்சரித்தது. கேம்கார்டரிலும் இருப்பது அதே கைரோவும் காந்தமும்தான். வண்டியில் கொண்டுபோகும்போது பெட்ரோல் டாங்க்மேல் வைக்காமல், பஞ்சு வைத்த பையில் போட்டு உடம்போடு மாட்டிக்கொள்ளுங்கள். ஹால் சென்சார் காந்தப்புலத்தை அளந்து வேலை செய்வதால், வலுவான காந்தம் உள்ள ஸ்பீக்கர், காந்த மவுன்ட் பக்கத்தில் வைத்தாலும் தற்காலிகமாகத் தடுமாறும். நகர்த்தியதும் சரியாகிறதா என்று பார்த்துவிட்டுச் சர்வீசுக்குப் போங்கள். ஒரு தட்டு தட்டினால் சரியாகிறது என்று பக்கவாட்டில் அடிப்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அறுந்தும் அறுபடாமலும் இருக்கும் ஃப்ளெக்ஸ் கேபிள் அந்தத் தட்டில் முழுதாக அறுந்துவிடும்.

சர்வீசில் பெரும்பாலும் லென்ஸ் பிளாக்கையே, அதாவது ஸ்டெபிலைசரோடு சேர்ந்த லென்ஸ் தொகுதியையே, மொத்தமாக மாற்றச் சொல்வார்கள். ஏமாற்றுவதாக நினைக்க வேண்டாம், உள்பாகம் தனியாகக் கிடைப்பது அரிது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: மாற்றியபின் காலிபரேஷன் செய்வீர்களா? புது பிளாக்கின் சென்சார் அளவுகளைக் கேமராவின் நினைவகத்தில் பதிய வேண்டும். அதற்கான சர்வீஸ் சாஃப்ட்வேர் இல்லாத இடத்தில் மாற்றினால் புது லென்ஸிலும் பழைய ஆட்டம் தொடரலாம். கேமரா பழையது என்றால், செலவைக் கேட்டுவிட்டு, அதை ட்ரைபாட் கேமராவாக மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா என்றும் யோசியுங்கள். ஆஃபில் அடங்குகிற பழுதாக இருந்தால் தாராளமாக முடியும்.

ஏற்கெனவே ஆடிப்போன ஃபுட்டேஜை டாவின்சி ரிசால்வ், பிரீமியர் போன்ற எடிட்டிங் சாஃப்ட்வேரின் ஸ்டெபிலைஸ் வசதியில் போட்டுப் பார்க்கலாம். ஓரங்கள் வெட்டுப்படும், அது தவிர்க்க முடியாது. மெதுவான ஆட்டம் நன்றாக அடங்கும். ஆனால் பழுதான ஸ்டெபிலைசர் தரும் வேகமான துடிப்பில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனியே மங்கியிருக்கும். ஃப்ரேமை எங்கே நகர்த்தி வைத்தாலும் அந்த மங்கல் போகாது, நின்ற இடத்திலேயே படம் மங்கித் தெளிந்து மங்கும். அந்த ஷாட்களை விட்டுவிட்டு, ஜூம் இழுக்காமல் வைடில் எடுத்தவற்றைத் தேடிப் பாருங்கள். வைடில் துடிப்பு குறைவாகவே தெரியும் என்பதால் தேறுபவை பெரும்பாலும் அவைதான்.