ஒவ்வாமை: ஓடி விளையாடுகிறவர்கள் அறிந்திருக்க வேண்டிய சொல்

‘அலர்ஜி’ என்று நாம் அன்றாடம் வழங்கும் சொல்லை ஆக்கியவர் வியன்னா நகரின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வொன் பிர்க்கே. குதிரைச் சீரம் ஏற்றப்பட்டவர்களுக்கு அதையே இரண்டாம் முறை ஏற்றியபோது உடல் முன்னிலும் விரைவாகவும் கடுமையாகவும் எதிர்வினை காட்டுவதைக் கண்ட அவர், ‘வேறு’ என்று பொருள்படும் அல்லொஸ், ‘செயல்’ என்று பொருள்படும் எர்கொன் ஆகிய கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 1906இல் அந்நிலைக்குப் பெயரிட்டார். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘மாறுவினை’ என்றே வரும்.

தமிழில் நிலைபெற்ற சொல்லோ ஒவ்வாமை. ‘ஒவ்வு’ என்னும் வினையடியோடு எதிர்மறை ‘ஆ’வும் ‘மை’ விகுதியும் சேர்ந்து, கல்லாமை, நிலையாமை என்பன போல அமைந்தது இது. ‘பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும் சிறப்பொவ்வா’ என்று குறள் (972) ஒரே அடியில் ஒக்கும், ஒவ்வா இரண்டையும் வைக்கிறது. அங்கே ‘சமமாகா’ என்பது பொருள். ‘பொருந்தாமை’ என்பது அதிலிருந்து விரிந்தது. ஒத்தலுக்கு இரண்டு தரப்பு வேண்டும் என்பதால், மாறுவினை உடலை மட்டும் சுட்ட, ஒவ்வாமை உடலுக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள உறவைச் சுட்டுகிறது. நேர்பெயர்ப்பைவிட இதுவே செம்மையான சொல் என்பது என் துணிபு.

யாழ்ப்பாணத்தில் ‘இறால் எனக்கு ஒத்துக்கொள்ளாது’ என்போம். கத்தரிக்காய் கிரந்தி, அதாவது தோலில் அரிப்பை எழுப்பும் உணவு, என்று விலக்குவோம். பால் குடித்து வயிறு ஊதினாலும் அதே ‘ஒத்துக்கொள்ளாது’தான். ஆனால் அது செரிமானக் குறை. தீங்கற்ற பொருளை உடலின் காப்பு முறைமை பகையென்று கருதி ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களை வெளியிடுவதே ஒவ்வாமை. அச்சொல்லை இதற்கே ஒதுக்கிவைப்பது நல்லது.

உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு இந்த உறவுப் பொருள் மிகவும் வேண்டியது. என் பெறாமகன் ஒரு பின்னேரம் பாணும் சம்பலும் உண்டு ஒரு மணித்தியாலத்தில் உதைபந்தாட்டத்துக்குப் போனான். இரண்டாம் சுற்று ஓடும்போதே உள்ளங்கை கடித்தது (அரித்தது), கழுத்தில் தடிப்புகள் எழுந்து ஒன்றோடொன்று சேர்ந்தன, குரல் அடைத்தது. பாண் அவனுக்குப் புதிதன்று, ஓட்டமும் புதிதன்று. தனித்தனியே ஒத்துப்போன இரண்டும் சேர்ந்தபோது ஒவ்வாமற் போயின. கோதுமையும் இறால், நண்டு போன்றவையும் சிலரிடம் இப்படிச் செய்யும். வலிக்குளிசை போட்டுக்கொண்டு ஓடுவது அதை இன்னும் கூட்டலாம். இவ்வகையினர் அந்த உணவுக்கும் பயிற்சிக்கும் இடையே நான்கு முதல் ஆறு மணித்தியாலம் விடவேண்டும் என்பது மருத்துவர்கள் கூறும் பொதுவிதி. எந்த உணவு என்பதைத் தாமே சோதித்துப் பார்க்கக் கூடாது. அது மருத்துவரின் கண்காணிப்பில் நடக்கவேண்டியது.

தொய்வு (ஆஸ்துமா) உள்ளவர்களின் நிலை வேறு. ஓடும்போது வாயால் இழுக்கும் குளிர்ந்த, உலர்ந்த காற்றும் தூசும் மூச்சுக்குழாயைச் சுருக்கும். ஆகவே சோளகக் காற்று செம்மண் புழுதியை எழுப்பும் நாள்களிலும், அயலில் குப்பை எரியும் வேளையிலும் வீட்டுக்குள்ளே பயிற்சி செய்யலாம். மற்றைய நாள்களில் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல நடந்து உடலைச் சூடாக்கிய பின்னரே ஓடலாம். மருத்துவர் சொல்லியிருந்தால் இன்ஹேலரை முன்கூட்டியே பயன்படுத்த வேண்டும். ஓட்டமே ஒவ்வாதென்று பிள்ளையை வீட்டில் இருத்திவிடுவதுதான் எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது.

பெறாமகன் இன்றும் விளையாடுகிறான். பாண் உண்ட நாளில் பந்தைத் தொடுவதில்லை, தனியே ஓடுவதுமில்லை. கடி தொடங்கினால் உடனே நிறுத்தவேண்டும், மூச்சோ குரலோ அடைத்தால் மருத்துவர் தந்த அட்ரினலின் ஊசியைத் தொடையில் ஏற்றி, இலங்கையின் அவசர அம்புலன்ஸ் எண்ணான 1990க்கு அழைக்கவேண்டும் என்பது அவனுடன் விளையாடும் எல்லாருக்கும் தெரியும்.