மாநாட்டுக்குப் போகும் ஃபெசிலிட்டி மேனேஜர்களே, கழிவுநீர்த் தொட்டியைப் பற்றிக் கேளுங்கள்

பதினாறு வருடமாக அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். இப்போது சென்னை ஓஎம்ஆரில் 240 வீடுகள் உள்ள ஒரு வளாகம். எங்கள் துறை மாநாடுகளுக்கு ஐந்தாறு முறை போயிருக்கிறேன், காலையில் பேட்ஜை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு ஸ்டாலாக விசிட்டிங் கார்டு கொடுத்து, பை நிறைய பிரோஷரோடு திரும்புவதுதான் வழக்கம். போன முறை மட்டும் ஒரே ஒரு கேள்வியோடு போனேன்.

அதற்கு மூன்று மாதம் முன்பு ஒரு ராத்திரி, ஒன்பது மணி இருக்கும், எங்கள் எஸ்டிபியின் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) கலெக்‌ஷன் டேங்க் நிரம்பி வழிய ஆரம்பித்தது. பம்ப் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. ஒப்பந்ததாரர் அனுப்பிய பையனுக்கு இருபத்திரண்டு வயதுதான் இருக்கும், மூடியைத் திறந்து இடுப்பில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கத் தயாராகிவிட்டான். "நாத்தமே இல்ல சார், அஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன்" என்றான். கையைப் பிடித்து நிறுத்திவிட்டு டேங்கர் லாரிக்குப் போன் செய்தேன். லாரி வரும்வரை பேசிக்கொண்டிருந்தபோது, இதற்கு முன்னால் இங்கே இறங்கியிருக்கிறாயா என்று கேட்டேன். மாதம் ஒரு தடவை இறங்குவேன் என்றான். என் வளாகத்தில்தான். பம்ப் சர்வீஸ் முடிந்தது என்று லாக் புத்தகத்தில் நான் கையெழுத்துப் போட்ட நாட்கள் அவை.

அவன் சொன்ன அந்த "நாத்தமே இல்ல" என்பதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்தான வார்த்தை. கழிவுநீர் தேங்கும் இடத்தில் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை மாதிரி நாறும், ஆனால் 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவைத் தொட்டதும் மூக்கு மரத்துப்போய் வாசனையே தெரியாமல் போய்விடும், 700 பிபிஎம் தாண்டினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சுருண்டு விழுந்துவிடலாம். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் தொட்டியின் அடியில் படிந்து கிடக்கும், சேற்றைக் கிளறினால் குபுக்கென்று மேலே வரும். விழுந்தவனைத் தூக்க இன்னொருவர் இறங்குவார், அவரும் விழுவார். செய்தித்தாளில் இரண்டு பேர் பலி, மூன்று பேர் பலி என்று சேர்ந்தே வருவதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 ஆம் ஆண்டுச் சட்டம், உரிய பாதுகாப்பு இல்லாமல் யாரையும் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்கக் கூடாது என்கிறது, நேரடியாகவும் சரி, ஒப்பந்தக்காரர் மூலமாகவும் சரி. முதல் முறைக்கே இரண்டு வருடம்வரை சிறை அல்லது இரண்டு லட்சம்வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். உயிர் போனால் இழப்பீடு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆகவே "அது ஏஎம்சிக்காரர் (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்ததாரர்) ஆள், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று அசோசியேஷன் நழுவ முடியாது, நாமும் நழுவ முடியாது.

சரி, மாநாட்டுக்கு வருகிறேன். மேடையில் 2022 ஆம் ஆண்டு அடுக்குமாடி உடைமைச் சட்டம், மின்சார வண்டிகளுக்கு சார்ஜிங், விசிட்டர் ஆப் என்று நாள் முழுக்கப் பேசினார்கள், எல்லாம் தேவையானதுதான். கழிவுநீர்த் தொட்டி பற்றி ஒரு அமர்வுகூட இல்லை. ஸ்டால்களில் என் கேள்வியைக் கேட்டேன்: "தொட்டி நிரம்பியிருக்கும்போது, ஆள் இறங்காமல் உங்கள் பம்பை எப்படி வெளியே எடுப்பீர்கள்?" நான்கு இடத்தில் மோட்டாரின் ஹெச்பி, வாரன்டி என்று பேச்சை மாற்றினார்கள். ஒருவர் மட்டும் கைடு ரெயில், அதாவது பம்ப் ஏறி இறங்க வழிகாட்டும் கம்பி, வைத்த மாடலைக் காட்டி, சங்கிலியைப் பிடித்து இழுத்து பம்ப் தானாகக் கழன்று வருவதைச் செய்து காட்டினார். புதுக் கட்டடத்துக்கு அருமையான ஏற்பாடு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் அதைப் பொருத்த உள்ளே இறங்க வேண்டியிருக்கும், அங்கேதான் எனக்கு இடித்தது.

பதில் கிடைத்தது சாப்பாட்டு வரிசையில். கோயம்புத்தூரில் ஒரு பெரிய வளாகத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒருவர், இதே வேலையில் என்னைவிட மூத்தவர், தட்டைக் கையில் வைத்துக்கொண்டே விளக்கினார். பம்பைத் துருப்பிடிக்காத எஸ்எஸ் சங்கிலியில் தொங்கவிட்டு, டெலிவரி குழாயின் இணைப்பை மூடிக்கு மேலே கொண்டுவந்துவிட வேண்டும். மேலே நின்றே இணைப்பைக் கழற்றலாம், முக்காலியில் செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) மாட்டித் தூக்கலாம், யாரும் குனியக்கூட வேண்டாம். "முதல்ல மூடி வழியா பம்ப் வெளிய வருமான்னு அளந்து பாருங்க தம்பி, நாங்க அதுலதான் ஏமாந்தோம்" என்றார். இதை எந்த ஸ்டாலிலும் சொல்ல மாட்டார்கள், இதில் விற்க ஒன்றும் இல்லையே. மாநாட்டுக்குப் போகிறவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தை போனில் கழிக்காதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

திரும்பி வந்த வாரமே அசோசியேஷன் கமிட்டியில் பேசினேன். மூடிக்குப் பூட்டுப் போட்டோம், சாவி என்னிடம். ஆக்சிஜன், எரிவாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு நான்கையும் காட்டும் கேஸ் மீட்டர் ஒன்று வாங்கினோம். எஸ்டிபி அறைக்குள் நுழையும்போதே அது கையில் இருக்க வேண்டும். தொட்டியைச் சுத்தம் செய்ய 14420 என்ற உதவி எண்ணை அழைக்கலாம் என்பதைச் செக்யூரிட்டி அறையில் எழுதி ஒட்டினோம். ஏஎம்சி ஒப்பந்தத்தில் ஆள் இறங்குவதில்லை என்று தனி வரி சேர்த்தோம், பழைய ஒப்பந்ததாரர் அதற்குச் சம்மதிக்கவில்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொண்டோம்.

அந்த அம்மா சொன்னபடி சங்கிலியில் தொங்கவிட்ட பம்ப் போன மாதம் மறுபடியும் அடைத்துக்கொண்டது. எங்கள் எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்து, இணைப்பைக் கழற்றி, சங்கிலியை இழுத்தார், இருபது நிமிடத்தில் பம்ப் வெளியே வந்துவிட்டது. பம்புக்குள் சுழலும் இம்பெல்லரைச் சுற்றிக் குழந்தைகளுக்குத் துடைக்கும் வெட் வைப்ஸ் கயிறு மாதிரி முறுக்கிக் கிடந்தது. மேலே நின்றபடியே ஹோஸ் பைப்பால் கழுவி எடுத்தார்.