நீங்கள் போகாத வழக்கில் உங்களுக்கு எதிராகத் தீர்ப்பா? 30 நாளை விட்டுவிடாதீர்கள்

வாசலில் கோர்ட் ஊழியரான அமீனா வந்து நின்று ஜப்தி என்று சொல்லும்போதுதான் தம் மேல் வழக்கு ஒன்று நடந்து முடிந்ததே பலருக்குத் தெரிய வருகிறது. பிரதிவாதி வராததால் வாதி தரப்பை மட்டும் கேட்டுக் கொடுக்கும் தீர்ப்பு இது, கோர்ட் வட்டாரத்தில் எக்ஸ்பார்ட்டி டிக்ரி என்பார்கள். பதறாதீர்கள், ஆனால் சும்மாவும் இருக்காதீர்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 9, விதி 13-இன்படி, டிக்ரி கொடுத்த அதே நீதிமன்றத்தில் அதை ரத்து செய்யக் கேட்டு மனு போடலாம்.

காரணம் இரண்டில் ஒன்று இருக்க வேண்டும். சம்மன் முறையாகச் சார்வு ஆகவில்லை, அதாவது உங்களிடம் முறைப்படி சேர்ப்பிக்கப்படவில்லை, அல்லது அன்று வர முடியாதபடி தக்க காரணம் இருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் அதற்கான சீட்டு, பழைய விலாசத்துக்கு சம்மன் போயிருந்தால் நீங்கள் வேறு இடத்தில் குடியிருந்ததற்கு ஆதாரம் என்று கையில் காகிதம் இருக்கட்டும். சம்மனில் சின்னக் குறை இருந்தது என்பது மட்டும் போதாது; வாய்தா தேதி உங்களுக்கு முன்கூட்டியே தெரியும், வர அவகாசமும் இருந்தது என்று நீதிபதி கருதினால் மனு நிற்காது.

கெடு 30 நாள்தான். டிக்ரி தேதியிலிருந்து எண்ண வேண்டும். சம்மன் முறையாகச் சார்வு ஆகாதிருந்தால் மட்டும், டிக்ரி பற்றித் தெரிய வந்த நாளிலிருந்து. பேப்பரில் விளம்பரம் கொடுத்து சம்மன் சார்வு செய்திருந்தாலும், இந்தக் கணக்குக்கு அதை முறையான சார்வாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நாள் தாண்டிவிட்டதா? காலவரையறைச் சட்டம் பிரிவு 5-இல் தாமதத்தை மன்னிக்கக் கேட்டுத் தனி மனு சேர்த்துப் போட வேண்டும், ஏன் தாமதம் என்பதை உண்மையாக விளக்க வேண்டும்.

மனு போட்டாலே ஜப்தி நின்றுவிடும் என்று நினைத்துத்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். டிக்ரியை அமல்படுத்தக் கேட்டு வாதி போட்ட நிறைவேற்று மனு ஓடிக்கொண்டிருந்தால் தடை உத்தரவைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். டிக்ரியை ரத்து செய்யும்போது செலவுத்தொகை கட்டச் சொல்லலாம், டிக்ரிப் பணத்தில் ஒரு பகுதியை நீதிமன்றத்தில் செலுத்தவும் சொல்லலாம். சொன்ன தேதிக்குள் கட்டிவிடுங்கள்.

டிக்ரியை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம், ஆனால் நீங்களே வாபஸ் வாங்காமல் அது தீர்ந்துபோனால் அதன்பின் விதி 13 மனுவுக்கு இடமில்லை. விதி 13 மனு தள்ளுபடியானால் அந்த உத்தரவை எதிர்த்தும் மேல்முறையீடு உண்டு.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், 15100-க்கு போன் செய்தாலும் வழி சொல்வார்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.