‘தெரபி’க்குத் தமிழில் என்ன?

மேலூர்ப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணை. பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் கைகால் அசைவு தடுமாறும் நிலை) உள்ள மூன்று வயதுப் பையனைப் பார்க்க வந்திருந்த சுகாதாரப் பணியாளர், “வாராவாரம் தெரபி குடுக்கணும்க்கா” என்று தாயிடம் சொல்லி வாய் மூடவில்லை, உள்ளேயிருந்து அப்பத்தா குரல் வந்தது. “ஏத்தா, கரண்டு வைக்கிறதா? அதெல்லாம் வேணாம். பச்சப்புள்ளைக்குத் தாங்காது.” தாய்க்கு வேறு பயம். சொந்தத்தில் ஒருவருக்குப் பெரியாஸ்பத்திரியில் கீமோதெரபி கொடுத்திருக்கிறார்கள். தெரபி என்று அவர் அதுவரை கேட்டது அது ஒன்றைத்தான்.

இந்தப் பணியாளர்களுக்கான பயிற்சிக் கையேட்டின் தமிழைத் திருத்தித் தரும் வேலை அப்போது என் கையில் இருந்தது. அதனால்தான் அந்தத் திண்ணையில் நானும் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து முதலில் துருவிப் பார்த்த சொல் இதுதான்.

தெரபி கிரேக்கச் சொல். மூலம் ‘தெரபெயா’. பணிவிடை, கவனித்துக்கொள்ளுதல் என்று பொருள். நோயைக் கவனிப்பதும் அதில் அடக்கம். ‘தெரபோன்’ என்றால் கூடவே இருந்து வேண்டியதைச் செய்பவன். ஹோமரின் இலியட் காவியத்தில் வீரன் அகிலீசுக்கு அவன் தோழன் பத்ரோக்லஸ் அப்படிப்பட்ட தெரபோன். மருந்தும் மின்சாரமும் இந்தச் சொல்லுக்குள் பிற்பாடு வந்து ஏறியவை.

நாம் சட்டென்று எடுத்து வைக்கும் ‘சிகிச்சை’ வடமொழி. அதுவும் ‘சித்’ என்ற வேரிலிருந்து வந்தது: உணர், கவனி. கவனிக்க வேண்டும் என்ற விருப்பமே சிகிச்சை. இரண்டு மொழிகள் ஒரே இடத்தில் கால் ஊன்றியிருக்கின்றன. ஆனால் இன்றைய வழக்கில் சிகிச்சை என்று சொன்ன மறுநொடி, “எப்பச் சரியாகும்?” என்ற கேள்வி வரும். பெருமூளை வாதம் காய்ச்சல்போல வந்து இறங்குவதன்று. அதனால் இந்தப் பிள்ளைகள் விஷயத்தில் சிகிச்சை என்ற சொல் கொடுக்க முடியாத வாக்கு ஒன்றைக் கொடுத்துவிடுகிறது. தென்மாவட்டத்துக் கிராமங்களில் இன்னும் புழங்கும் ‘பண்டுவம்’ எனக்குப் பிடித்த சொல்தான். மாட்டுக்குப் பண்டுவம் பார்த்தேன் என்பார்கள். அதிலும் இதே சிக்கல்: நோக்காடு இருந்தால்தான் பண்டுவம்.

கூட்டுச்சொற்களில், பிசியோதெரபிக்கு வைத்த ‘இயன்முறை மருத்துவம்’ நல்ல ஆக்கம். பிசியோவுக்கு அடி கிரேக்க ‘பியூசிஸ்’, அதாவது இயல்பு. இயல் + முறை இயன்முறை ஆகிறது. பேச்சுப் பயிற்சி பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கேட்டதுமே புரிகிறது. மோசம் போனது ‘ஆக்குபேஷனல் தெரபி’. நான் திருத்திய கையேட்டில் அது ‘தொழில்முறை சிகிச்சை’ என்றிருந்தது. மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன தொழில்? பயிற்சிக்கு வந்த பெண்களில் ஒருவர், தையல் மிஷின் தருவார்களா என்றே கேட்டுவிட்டார். அந்தத் துறையில் ஆக்குபேஷன் என்பது ஓர் ஆளின் நாளை நிரப்பும் காரியங்கள்: பல் விளக்குவது, சோற்றைப் பிசைந்து வாயில் வைப்பது, சட்டைப் பொத்தான் போடுவது, விளையாடுவது. இதற்கு மதுரைக்காரர் வாயில் ஒரு சொல் தயாராக இருக்கிறது: சோலி. “என்ன சோலியா இருக்க?” என்று கேட்டால் யாரும் உத்தியோகத்தைச் சொல்வதில்லை. அச்சில் ‘செயல்முறைப் பயிற்சி’ என்று மாற்றினேன். வகுப்பில் ‘அன்றாடச் சோலி’ என்றேன். பிறகு யாரும் தையல் மிஷின் கேட்கவில்லை.

சரி, தெரபிஸ்ட்? திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் (950):

“உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று
அப்பால்நாற் கூற்றே மருந்து.”

நோயாளி, மருத்துவர், மருந்து, நான்காவதாக உழைச்செல்வான். உழை என்றால் பக்கம், இடம். பக்கத்தில் செல்பவர், கூட இருந்து பார்ப்பவர். கிரேக்கத் தெரபோனை இதைவிட நெருக்கமாக யாராலும் தமிழாக்க முடியாது. ‘உழையர்’ என்று சுருக்கினால் பழைய இலக்கிய வழக்கும் துணைக்கு வரும். வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். “சார், சம்பளம் கம்மி, உழைப்பு மட்டும் சாஸ்தின்னு பேருலயே வச்சுட்டீகளா?” என்று ஒருவர் கேட்க, வகுப்பே சிரித்தது. அந்தச் சொல்லை அத்தோடு மடித்து வைத்தேன்.

ஆனால் அந்தக் குறள் சொல்லும் ஆள்தான் இங்கே தேவை. இயன்முறை மருத்துவர் மதுரையில் இருக்கிறார், பிள்ளை கொட்டாம்பட்டியில் இருக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் பஸ் ஏறினால் அன்றைய கூலி போச்சு. ஊர்க்காரர் ஒருவரைப் பழக்கிவிட்டு, அவர் வழியாகக் குடும்பத்தைப் பழக்கும் முறைக்கு உலக சுகாதார நிறுவனம் 1989-இல் ஒரு கையேடே வெளியிட்டது. தென்காசி ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கிய, மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம் இந்த வழியில் களப்பணியாளர்களைப் பழக்குகிறது. 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறை மருத்துவத்தையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. திட்டத்துக்குப் பெயர் வைத்தவருக்குத் தமிழ்க் காது இருந்திருக்கிறது.

மேலே என்னை அறியாமலே ‘பழக்கி’ என்று எழுதியிருக்கிறேன். திண்ணையிலும் நடந்தது அதுதான். தாய் பையனை இரண்டு கையாலும் ஏந்தி வைத்திருந்தார். கால்கள் கத்திரிபோலப் பின்னிக் கிடந்தன. பணியாளர் அவனை வாங்கி, தொடைகளை மெல்ல விலக்கி, இடுப்பின் இருபுறமும் கால் தொங்க ஒக்கலில் வைத்துக்கொண்டார். கால்கள் அகன்றே நின்றன, தலை நிமிர்ந்தது, பையன் வேப்பமரத்துக் காக்காயைப் பார்த்தான். “இப்பிடியே தூக்குங்க. கெணத்தடிக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் இப்பிடித்தான். கால் பிரிஞ்சு பழகும்.” வெளியே வந்த அப்பத்தா, “இதுவா தெரபி? இப்பிடித்தான நாங்க ஆறு புள்ளைகளத் தூக்குனோம்” என்றார்.

‘பழகு’ என்பதில் பயிற்சியும் உண்டு, உறவும் உண்டு. கை பழகும், வாய் பழகும், ஆளும் பழகுவார். சரியாக்குகிறேன் என்ற வாக்குறுதி அதில் இல்லை. ‘பயிற்சி’யும் பொருந்தும்தான், பயில் என்பதிலும் திரும்பத் திரும்பச் செய்வது என்ற பொருள் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் பள்ளிக்கூட வாடை அடிக்கும்.

ஆக, கையேட்டில் ‘பயிற்சி’ என்றும் வாய்ப்பேச்சில் ‘பழக்கி விடுதல்’ என்றும் போட்டுக் கொடுத்தேன். வேலை கொடுத்தவர்கள் அடைப்புக்குறிக்குள் ‘தெரபி’ இருக்கட்டும் என்றார்கள், இருக்கிறது. அடுத்த மாதம் அந்தத் தெருவில் வழி கேட்டபோது ஒரு சிறுமி திண்ணையைக் காட்டி, “பழக்கி விடுற அக்காவா? அந்தா, அங்கன இருக்காக” என்றாள்.